மெலிந்த சர்க்கரைக்காரருக்கு ஒரு எக்ஸ்ரே

தாமிரபரணிக் கரை ஊர்களில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்



அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றை ஒட்டி வரும் ஊர்களில் எங்கே பார்த்தாலும், மாலை ஆறு மணிக்கு உங்கள் கிளினிக் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நிறையவே 'சீனி' பார்க்க வந்தவர்களுடையவை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வார்ப்பு. நாற்பதைத் தாண்டிய வயது, முன்தள்ளிய வயிறு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏற்கெனவே இருந்த நோய். மெட்ஃபார்மினை உங்கள் கை யோசிக்காமல் எழுதும். அதில் தவறும் இல்லை.

இந்த மடல் அவர்களைப் பற்றியதல்ல. அதே வரிசையில் எப்போதாவது வந்து உட்காரும் வேறொருவரைப் பற்றியது. வயது இருபதுகளில் இருக்கும். சட்டை தோளில் தொங்கும். தொந்தியும் கிடையாது, குடிப்பழக்கமும் கிடையாது. சர்க்கரை 400-ஐத் தொட்டிருக்கும். ஆனால் சிறுநீரில் கீட்டோன் இருக்காது, ஆளும் மயங்கி விழவில்லை. டைப் 1 என்றால் இந்த அளவில் இன்சுலின் இல்லாமல் இத்தனை நாள் நடமாடியிருக்க முடியாதே என்று ஒரு கணம் தோன்றும். டைப் 2 என்றால் உடம்பு பொருந்தவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்புவதுதான் அந்த நேரத்தில் நடக்கக்கூடியது.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'சின்ன வயதில் வயிறு வலிக்குமா?'

பதில் பல சமயம் இப்படித்தான் வரும்: "ஆமா டாக்டரையா, பள்ளிக்கூடம் போற காலத்துல அடிக்கடி வலிக்கும். எங்க ஆச்சி குடலேத்தம்னு எண்ணெய் போட்டுத் தடவி விடுவா. இப்ப ஒண்ணும் இல்ல." அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். இந்த நோயின் வழக்கமே அதுதான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும் வலி பல ஆண்டுகள் படுத்திவிட்டு, சர்க்கரை தலைகாட்டும் காலத்தில் தானாக அடங்கும். வலி நின்றதால் நோயாளி அதைச் சொல்வதில்லை. சொல்லாததால் யாரும் கேட்பதில்லை.

கல்லூரியில் ஒரு பத்தி அளவுக்குப் படித்த பெயர்தான்: ஃபைப்ரோகால்குலஸ் பேன்கிரியாட்டிக் டயபடீஸ், சுருக்கமாக எஃப்.சி.பி.டி. கணையம் நாள்பட்ட அழற்சியில் நாராக இறுகி, அதன் குழாய்களில் கற்கள் விளைந்து, கடைசியில் இன்சுலினும் வற்றிப்போகும் நோய். மற்ற சர்க்கரை நோய்களை ரத்தத்தில் தேடுகிறோம். இதைப் படத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சர்க்கரையையும் கணையக் கல்லையும் ஒரே உடலில் முதலில் பதிவு செய்தவர் இங்கிலாந்தின் தாமஸ் காலி. 1788-ல், சர்க்கரை நோயில் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது கணையம் முழுக்கக் கற்கள் என்று எழுதினார். கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு நிரூபணமாக அதற்குப் பின் நூறு ஆண்டுகள் ஆயின. 1889-ல் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிக் காட்டிய பிறகே உலகம் நம்பியது. எக்ஸ்ரே 1895-ல் வந்தது. இறந்தபின் அறுத்துப் பார்த்ததை உயிரோடு இருக்கும்போதே பார்க்க அதன்பிறகுதான் வழி பிறந்தது.

அந்த வழியில் வெகுதூரம் போனவர்கள் நமக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து ஸ்வீடமா என்ற டச்சு மருத்துவர், சத்துக்குறைவான ஏழைகளிடம் கல் நிறைந்த கணையத்தைக் கண்டதாக எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் தன் நோயாளிகளை ஒவ்வொருவராகப் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1968-ல் அவர் வெளியிட்ட 'பேன்கிரியாட்டிக் டயபடீஸ்' புத்தகம் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. பிள்ளைப் பருவத்தில் வலி, வயதுக்கு வரும் பருவத்தில் சர்க்கரை, வாழவேண்டிய வயதில் சாவு என்று அவர் வகுத்த வரிசை உலகப் பாடநூல்களில் ஏறியது. அன்றைய கேரளத்தில் அது மிகையல்ல. எலும்பும் தோலுமாய், கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கி வரும் இளைஞர்களை அவர் வரிசையாகப் பார்த்தார்.

அந்த எக்ஸ்ரேயில் என்ன தெரியும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான். வயிற்றின் சாதாரணப் படம், மருந்து குடிக்காமல், ஊசி போடாமல் எடுப்பது. முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் வலப்பக்கத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். கணையத்தின் தலைப்பகுதி அங்கேதான். வெப்பநாட்டு நோயின் கற்கள் பெரியவை, அடர்த்தியானவை, தனித்தனியே எண்ணக்கூடியவை. கல்லுப்பைச் சிந்தியதுபோல் முதுகெலும்பின் குறுக்கே இரண்டு பக்கமும் பரவியிருக்கும். குடியால் வரும் கணைய அழற்சியிலும் கல் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பொடிப்பொடியான புள்ளிகள். வேதியியலில் இந்தக் கற்கள் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதனால்தான் எக்ஸ்ரேயில் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன.

வெயில் காயும் இந்தப் பகுதியில் சிறுநீரகக் கல்லுக்குக் குறைவில்லை. அதற்காக எடுக்கும் படத்தில் கணையக் கல் கண்ணில் பட்டு, 'கிட்னி ஸ்டோன்' என்றே பெயர் வாங்கிவிடக்கூடிய அபாயம் உண்டு. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் சந்தேகம் தீரும். கணையக் கல் முதுகெலும்புக்கு முன்னால் நிற்கும். சிறுநீரகக் கல் எலும்பின் மேலேயே விழும்.

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் இன்னும் கொஞ்சம் சொல்லும். கணையக் குழாய் விரிந்திருக்கிறதா, சுரப்பி சுருங்கியிருக்கிறதா, கல்லுக்குப் பின்னால் நிழல் விழுகிறதா என்றெல்லாம் தெரியும். ஆனால் கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. காலையில் இட்லியும் காப்பியும் முடித்துவிட்டு வருகிறவருக்கு வயிறு முழுக்க வாயுதான் தெரியும். 'கணையம் வாயுவால் மறைந்துள்ளது' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை 'கணையம் நலம்' என்று படித்துவிட வேண்டாம் என்பது இந்த மடலின் முக்கியமான வேண்டுகோள்களில் ஒன்று. இரவு உணவுக்குப் பின் எதுவும் சாப்பிடாமல் காலையில் வரச்சொல்லி, சீட்டில் 'கணையத்தைக் குறிப்பாகப் பார்க்கவும்' என்று எழுதினால், ஸ்கேன் செய்பவரும் இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிடுவார். பின்னும் ஐயம் என்றால் சி.டி.; கல்லைக் காண்பதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் வயிற்று எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சைப்போல் பத்து மடங்குக்கு மேல் சி.டி.யில் உண்டு என்பதால் அதை முதல் படியாக வைப்பதற்கில்லை. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், அல்ட்ராசவுண்டு போதும்.

மலைக்கு இந்தப் பக்கத்தில் இந்த வேலையைக் கையிலெடுத்தது சென்னை. ராயபுரத்தில் பேராசிரியர் மு. விசுவநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையில், அவருடைய மகன் டாக்டர் வி. மோகன் 1980-களில் இந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் படித்தார். கேரளப் படத்தோடு ஒப்பிட்டபோது சில வேறுபாடுகள் தெரிந்தன. எல்லோரும் எலும்புக்கூடாக இல்லை. சிலருக்கு முப்பது, நாற்பது வயதில்தான் சர்க்கரை. சிலர் மாத்திரைக்கே கொஞ்ச காலம் கட்டுப்பட்டார்கள். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வரும் கேடுகள் இந்த நோயில் வராது என்று அதுவரை இருந்த நம்பிக்கையும் உடைந்தது. சர்க்கரை எவ்வழியில் வந்தாலும் ஆண்டுகள் ஏறினால் விழித்திரை தப்பாது.

நோயை உறுதிசெய்ய மோகன் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. எக்ஸ்ரேயில் கணையக் கல் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கல் தெரியாவிட்டால், ஸ்கேனில் கணையத்தின் வடிவம் கெட்டிருப்பது, சிறுவயதிலிருந்து வயிற்று வலி, கொழுப்பு செரிக்காத மலம், கணையச் செயல் பரிசோதனையில் குறைவு ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். குடி, பித்தப்பைக் கோளாறு, பாராதைராய்டு மிகை போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். மலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மிதக்கும் மலம் என்று பாடநூல் சொல்வதை நம்பிக் காத்திருந்தால் ஏமாற்றமே. சோறும் ரசமும் சாப்பிடுகிற ஏழை வீட்டு இளைஞர் தட்டில் கொழுப்பே அவ்வளவாக இல்லை. செரிக்காமல் வெளியே வருவதற்கு முதலில் உள்ளே போக வேண்டுமே!

இதெல்லாம் கேரளக் கதை, சென்னைக் கதை, நெல்லைக்கு என்ன என்று கேட்கலாம். வரைபடத்தை விரித்தால் பதில் இருக்கிறது. 1994-ல் வெளியான ஒரு கள ஆய்வு, கொல்லம் மாவட்டத்தில் வீடுவீடாகப் போய்ப் பார்த்து, ஏறத்தாழ 800 பேருக்கு ஒருவரிடம் நாள்பட்ட கணைய அழற்சியைக் கண்டது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904-லேயே ரயில் ஓடியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. ஆரியங்காவுக் கணவாய் வழியே பலாப்பழமும் முந்திரியும் பெண்ணும் மாப்பிள்ளையும் போய்வந்த மண் இது. பொதிகையின் அந்தச் சரிவில் 800-க்கு ஒருவர் என்றால், இந்தச் சரிவில் வைத்தியம் பார்க்கிறவர் அந்த நோயின் பெயரை மறக்க உரிமையில்லை.

காரணம் என்ன என்று தேடியவர்களும் முதலில் நம் தட்டைத்தான் பார்த்தார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பினார். அரிசி கிடைக்காத காலத்தில் அது ஏழைகளின் உயிரைக் காத்தது. அந்தக் கிழங்கில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு. புரதம் குறைந்த உடலில் அந்த நஞ்சு முறியாமல் கணையத்தைக் கெடுக்கிறது என்று மெக்மில்லனும் கீவர்கீஸும் 1979-ல் எழுதினார்கள். கேட்கப் பொருத்தமாக இருந்தது. ஆனால் மரச்சீனியைத் தொடாத ஊர்களிலும் அதே கற்கள் தென்பட்டன; மரச்சீனியையே தின்று வளர்ந்த ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் நோய் அந்த அளவுக்கு இல்லை. கிழங்குக்கு இன்று பெரும்பாலும் விடுதலை கிடைத்துவிட்டது. மான்செஸ்டரின் ஜோன் பிராகன்சா, சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து, புகைக்கும் வேதிப் பொருள்களுக்கும் ஆட்படும் உடலில் அவற்றை முறிக்கும் வைட்டமின்கள் போதாமையைச் சுட்டினார். 2002-ல் மரபணு பேசியது. கணையத்தின் செரிமான நொதி அதற்குள்ளேயே விழித்துக்கொள்ளாமல் பூட்டி வைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான ஸ்பிங்க்1 மரபணுவில் உள்ள மாற்றம் இந்த நோயாளிகளிடம் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருப்பதை ஐதராபாத் ஆய்வாளர்களும் பிறரும் காட்டினார்கள். அந்த மாற்றம் மட்டுமே போதாது. நல்ல உடம்புக்காரர் சிலரிடமும் அது உண்டு. ஆனால் அண்ணனுக்கு இருந்தால் தங்கையின் வயிற்று வலியை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு அது போதும்.

நோய் குறைந்துவருவதையும் மறைக்க வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் மோகனின் மையத்துக்கு வந்த நோயாளிகளில் 1991–95 காலத்தில் 1.6 சதவீதமாக இருந்த இந்தவகை, 2006–10-ல் 0.2 சதவீதமாகச் சரிந்தது. டைப் 2 பெருத்ததால் பங்கு சிறுத்தது என்பது ஒரு பகுதி. நோயின் முகமே மாறியதும் ஒரு பகுதி. 2008-ல் நாடு தழுவி நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகள் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்த ஆய்வில், பழைய பாடநூல் வர்ணனைக்கு அப்படியே பொருந்தியவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. இன்றைய நோயாளி கீவர்கீஸ் காலத்து எலும்புக்கூடு அல்ல. முப்பது வயதில், ஓரளவு சதைப்பிடிப்போடு, பைக்கில் வந்து இறங்குவார். ஆகவேதான் தவறவிடுவது இன்னும் எளிது. அரிதான நோய் பெரிய மருத்துவமனையின் புள்ளிவிவரத்தில் ஒரு தசமம். உங்கள் கிளினிக்கில் அது ஒரு ஆள்.

படம் எடுத்து, கல் தெரிந்தால் என்ன மாறும்? நிறைய மாறும். பெரும்பாலோருக்கு இன்சுலின் தேவைப்படும். மாத்திரையைக் கூட்டிக்கூட்டி மூன்று ஆண்டு வீணாக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் இன்சுலினை எச்சரிக்கையாகத் தொடங்க வேண்டும், ஏனென்றால் சிதைந்த கணையத்தில் குளுக்ககானும் குறைந்திருக்கும். சர்க்கரை இறங்கினால் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. கிளிப்டின் வகை மாத்திரைகளைக் கணைய அழற்சி இருந்தவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது. இன்று ஊர்ப்புற மருந்துக்கடைகளில்கூட அவை சரளமாகப் போகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரை கொடுத்தால் இளைத்த உடம்பு தேறும். கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே உடம்பில் சேராததால் எலும்பு மெலியும். அதையும் பார்க்க வேண்டும். வலி இன்னும் இருக்கிறவர்களுக்கு, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்து, எண்டோஸ்கோப்பி வழியே துகள்களை எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஐதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் காஸ்ட்ரோஎன்ட்ராலஜி இதை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்து பதிவிட்டிருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் அறுவை. பீடி, சிகரெட், மது மூன்றையும் விடச் சொல்வதற்குக் கையில் ஒரு படம் இருப்பது உங்கள் சொல்லுக்கும் எடை கூட்டும்.

அடுத்தது கசப்பான விஷயம். 1994-ல் சுரேஷ் சாரி, மோகன், பிச்சுமணி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகள் 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அதில் 6 பேர் கணையப் புற்றுநோயால். சாதாரண மக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ நூறு மடங்கு. ஆகவே கல் இருக்கிறது என்று தெரிந்தவர் திடீரென்று எடை குறைந்தாலோ, அடங்கிய வலி திரும்பி வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, 'சுகர் கூடிப்போச்சு' என்று சொல்லி இன்சுலினை ஏற்றிவிட்டு அனுப்பக் கூடாது. மறுபடி ஸ்கேன். அன்றே.

சாரி பின்னர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்குப் போய் அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார். ஐம்பது வயதுக்குமேல் புதிதாகச் சர்க்கரை வந்த 2,122 பேரைப் பின்னோக்கிப் பார்த்ததில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அத்தனை பேரையும் சி.டி.யில் ஏற்றுவது மடமை. ஆனால் சர்க்கரையும் புதிது, உடம்பும் இளைக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தால் அந்த 18 பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் ஸ்கேன் சென்டரின் விளம்பர நோட்டீசாகிவிடும். சர்க்கரை இருக்கிற எல்லோருக்கும் கணையத்தைப் படமெடுக்க வேண்டியதில்லை. நாற்பது வயதுத் தொந்திக்காரருக்கு அது தெண்டச் செலவு. அவர் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் போய், 'கணையத்தில் கொழுப்பு' என்ற ரிப்போர்ட்டோடு வெளிறிய முகத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்பார். அது பயப்பட வேண்டிய வரி அல்ல, எடையைக் குறைக்கச் சொல்லும் வரி. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் இதை எம்.ஆர்.ஐ. வைத்தே காட்டினார். 2011-ல் டைப் 2 நோயாளிகள் சிலருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்ததில், ஈரல் கொழுப்பும் கணையக் கொழுப்பும் குறைந்தன, இன்சுலின் சுரப்பு மீண்டது. பின்னர் டைரெக்ட் ஆய்வில் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரையை நோய் அளவுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 2020-ல் வெளியான தொடர்ச்சியில், அப்படி மீண்டவர்களின் சுருங்கிய கணையம் இரண்டாண்டில் பெருத்து, ஓரங்கள் சீராவதும் தெரிந்தது. டைப் 1 நோயிலும் எம்.ஆர்.ஐ. ஒரு வியப்பைத் தந்திருக்கிறது. நோய் வந்த புதிதிலேயே கணையம் சிறுத்திருக்கிறது. நோயே இல்லாத நெருங்கிய ரத்த உறவினர்களிடம்கூடக் கொஞ்சம் சிறுத்திருக்கிறது என்று புளோரிடா பல்கலைக்கழகக் குழு 2019-ல் எழுதியது. அருமையான ஆராய்ச்சிகள். ஆனால் இவற்றில் எதற்காகவும் முக்கூடலிலிருந்து ஒரு பீடித் தொழிலாளி நெல்லை வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை.

இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை எந்த மருத்துவமனை ஸ்கேனும் தனித்தனியாகக் காட்டாது என்பதையும் நோயாளிகளுக்குச் சொல்லலாம். கணைய எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான் அவை. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ. நெதர்லாந்தின் நைமேகனில், அந்தத் திட்டுகளில் மட்டும் ஒட்டும் எக்ஸெண்டின் என்ற பொருளில் கதிரியக்கம் ஏற்றிப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

மெலிந்த சர்க்கரைக்காரர் விஷயத்தில் படத்துக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் நிஹால் தாமஸும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு, மெலிந்த உடலில் வரும் ஒரு சர்க்கரை நோய் டைப் 1-உம் அல்ல, டைப் 2-உம் அல்ல, இன்சுலின் சுரப்புக் குறைவால் வரும் தனி வகை என்று காட்டியது. 1955-ல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் கண்டு எழுதி, 1985-ல் உலக சுகாதார நிறுவனம் 'சத்துக்குறைவுச் சர்க்கரை நோய்' என்று பட்டியலில் சேர்த்து, 1999-ல் கைவிட்ட பழைய நோய்தான். சர்வதேச சர்க்கரை நோய் கூட்டமைப்பு 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் அதை 'டைப் 5' என்று மீண்டும் ஏற்றது. 1985 பட்டியலில் கல் உள்ள வகையும் கல் இல்லாத வகையும் ஒரே தலைப்பின்கீழ் இருந்தன. இப்போது கல் உள்ளது கணைய நோய்களோடும், இல்லாதது தனி வகையாகவும் பிரிந்து நிற்கின்றன. ஒல்லியான இளைஞர் எந்தப் பக்கம் என்று சொல்ல முதலில் கணையத்தைப் பார்த்தாக வேண்டும். 'டைப் 5' என்ற புதுப்பெயர் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்ட நிலையில், கல்லைத் தேடாமலே அந்த முத்திரையைக் குத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

டாக்டர்களே, கேட்பது பெரிதில்லை. முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட, மெலிந்த, கீட்டோன் இல்லாத சர்க்கரைக்காரர் வந்தால் வயிற்று வலியைக் கேளுங்கள். இப்போதைய வலியை மட்டுமல்ல, பள்ளிக்கூட வயது வலியையும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்ததா, மலைக்கு அந்தப் பக்கத்து உறவுகளிலும் உண்டா என்று கேளுங்கள். வயிற்றின் சாதாரண எக்ஸ்ரே ஒன்றும், வெறும் வயிற்றில் அல்ட்ராசவுண்டு ஒன்றும் எழுதுங்கள். நோயைக் கண்டறிய ஒருமுறை எடுத்தால் போதும். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல் தெரிந்தால், சீட்டில் 'டி.எம்.' என்று மட்டும் எழுதாமல் நோயின் முழுப்பெயரையும் எழுதி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. வயிற்றைப் பார்ப்பவரும் சர்க்கரையைப் பார்ப்பவரும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் 2021 ஆகஸ்டு முதல் வீட்டு வாசலிலேயே சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீட்டில் இருபது வயதில் இளைத்துக்கொண்டே போகும் ஒருவர் மாத்திரை வாங்குகிறார் என்பது உங்களுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து பேசி, அப்படிப்பட்டவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொருவரையும் ஒரு படத்துக்கு வரச் சொல்லுங்கள்.